வாசலில் கறந்த பால்

நோய்களின் தடம் – 14

வலெட்டாவில் பல தெருக்கள் படிக்கட்டுகளாகவே இருக்கும். மால்டா தீவின் தலைநகரான அந்த ஊர், கடலுக்குள் நீண்டு நிற்கும் ஒரு பாறை முனையின் மேல் கட்டப்பட்டது. நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன் விடியற்காலையில் அந்தப் படிகளில் ஏறி இறங்கியவை வெள்ளாடுகள். ஆட்டுக்காரர் மந்தையை ஓட்டிக்கொண்டு வீடு வீடாக வருவார். பால் வாங்குகிற வீட்டுக்காரம்மா பாத்திரத்தோடு வாசலில் நிற்பார். ஆட்டை அங்கேயே நிறுத்தி, கண்ணெதிரே கறந்து, நுரை அடங்கும் முன்பே ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார் ஆட்டுக்காரர். குடித்தனம் மேல்மாடியில் என்றால் ஆடும் மாடிப்படி ஏறும்.

மால்டா மொழியில் பாலுக்கு 'ஹலீப்' என்று பெயர். அரபு மொழியில் உள்ள அதே சொல். அந்தத் தீவில் ஹலீப் என்றால் பெரும்பாலும் ஆட்டுப் பால்தான். மொத்தம் 316 சதுர கிலோமீட்டர்; பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. பசு வளர்த்தால் தீனிக்குக் கட்டாது. வெள்ளாடோ கிடைத்ததைக் கடித்துப் பால் சுரக்கும். ஏறக்குறைய 2 லட்சம் மக்களுக்குச் சுமார் 20,000 ஆடுகள் இருந்தன. கைக்குழந்தைக்கும், படுத்த நோயாளிக்கும், பல் போன கிழவருக்கும் அதுவே ஆகாரம்.

வாசலில் கறக்கச் சொன்னதற்குக் காரணம் நமக்குப் புதிதல்ல. பசுவை வாசலுக்கு ஓட்டிவந்து கறந்து கொடுத்த பால்காரர்களை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கலக்கவில்லை என்பதற்குக் கண்ணே சாட்சி. மால்டா மக்களும் அந்தச் சாட்சியை நம்பினார்கள். தண்ணீரைப் பொறுத்தவரை அது சரியான சாட்சிதான். பாலுக்குள் வேறொன்று இருந்தது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது; முகர்ந்தும் ருசித்தும் அறிய முடியாது.

அந்தத் தீவில் ஒரு காய்ச்சல் நெடுங்காலமாக இருந்தது. பத்து நாள் வாட்டும், விடும், ஆள் தேறி எழுந்து நடமாடத் தொடங்கியதும் மறுபடி பிடிக்கும். வெப்பநிலைக் குறிப்பை வரைந்து பார்த்தால் கோடு அலை அலையாக ஏறி இறங்கும். இரவில் படுக்கை நனைய வேர்க்கும். மூட்டுகள் வீங்கும்; இடுப்பு ஒடிவதுபோல் வலிக்கும்; ஆண்களுக்கு விதைப்பை வீங்கும்; மனம் சோர்ந்துபோகும். இறப்பவர்கள் குறைவு, நூற்றுக்கு இரண்டு பேர் அளவில். ஆனால் படுத்தவர் எழ மாதக்கணக்காகும். 1860-களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி ஆலன் மார்ஸ்டன் என்ற ஆங்கிலப் படை மருத்துவர், தனக்கே வந்த இந்தக் காய்ச்சலைக் கவனித்து, இது டைஃபாய்டும் இல்லை, மலேரியாவும் இல்லை, தனி நோய் என்று எழுதினார். மத்தியத் தரைக்கடல் காய்ச்சல், அலைக்காய்ச்சல் என்று பல பெயர்கள் வந்தன. நிலைத்தது மால்டா காய்ச்சல் என்ற பெயர். ஒரு தீவின் பெயரையே நோய்க்கு வைத்ததில் அந்த மக்களுக்கு இருந்த வருத்தத்தை நாம் புரிந்துகொள்ளலாம்.

மால்டா அப்போது ஆங்கிலேயர் கையில். மத்தியத் தரைக்கடலில் அவர்களுடைய பெரிய கடற்படைத் தளம் அது. தரைப்படையினரும் மாலுமிகளும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் படுத்தார்கள். தீவு மக்களும் படுத்தார்கள். என்றாலும் ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது சிப்பாய்கள் படுத்ததால்தான். இதைச் சொல்லாமல் மேலே போவது சரியாகாது. இந்தக் கதையின் பின்பகுதி முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

1884-ல் டேவிட் புரூஸ் என்ற இளம் படை மருத்துவர் மனைவி மேரியுடன் வந்து சேர்ந்தார். ஆய்வுக்கூட வேலையை இருவருமாகச் செய்தார்கள். காய்ச்சலில் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் மிகச் சிறிய புள்ளிகளாகக் கிருமிகள் இருப்பதை 1886-ல் புரூஸ் கண்டார். மால்டாக்காரரான டாக்டர் ஜுசெப்பே கருவானா ஷிக்லூனாவின் துணையோடு அவற்றை அகர் கூழில் வளர்த்தார். அந்தக் கூழில் கிருமி வளர்ந்து கண்ணுக்குத் தெரியப் பல நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1887-ல் முடிவை வெளியிட்டார். மால்டாவின் பழைய பெயரான 'மெலிட்டா'வை ஒட்டிக் கிருமிக்கு மெலிட்டென்சிஸ் என்று பெயரிட்டார்கள்.

கிருமி கையில் கிடைத்துவிட்டது. அது உடம்புக்குள் எப்படிப் போகிறது? பதினெட்டு ஆண்டுகள் இதற்கு விடை இல்லை. துறைமுகத்தின் நாற்றத்தைச் சொன்னார்கள்; சாக்கடையைச் சொன்னார்கள்; புழுதியை, கொசுவை, கடல்நீரைச் சொன்னார்கள். பாலை யாரும் சொல்லவில்லை. ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நெரிசலான பாசறையில் கிடந்த சாதாரணச் சிப்பாய்களைவிட, வசதியான வீடுகளில் இருந்த அதிகாரிகளுக்குத்தான் காய்ச்சல் அதிகம் வந்தது. அழுக்கில் பிறக்கும் நோய் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்கிறது! அதிகாரிகள் அதிகமாகப் பால் குடித்தார்கள் என்பது பின்னால்தான் புரிந்தது. மருத்துவமனையில் வேறு நோய்க்காகப் படுத்திருந்தவர்களுக்கும் இந்தக் காய்ச்சல் தொற்றியது. அவர்களுக்கு நோயாளி ஆகாரம் என்று கொடுத்ததும் ஆட்டுப் பால்.

1904-ல் தரைப்படையும் கடற்படையும் மால்டா அரசும் கேட்டுக்கொண்டதன் பேரில் லண்டன் ராயல் சொசைட்டி ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. தலைவர் புரூஸ். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆங்கிலப் படை மருத்துவர்கள். மால்டாவின் சார்பில் இருந்தவர் தெமிஸ்டாக்லிஸ் ஸம்மிட். 1864-ல் வலெட்டாவில் பிறந்து, அங்கேயே மருத்துவம் படித்து, அரசின் பொதுச் சுகாதாரத் துறையில் வேதியியல் ஆய்வாளராக இருந்தவர். பிற்காலத்தில் இதே மனிதர்தான் தார்ஷியன் என்ற இடத்தில் ஐயாயிரம் ஆண்டுப் பழைமையான கற்கோயில்களைத் தோண்டி வெளிக்கொண்டு வந்தார். தொல்லியல் உலகில் அவரை அறிந்த அளவுக்கு மருத்துவ உலகில் அறியவில்லை. அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

ஸம்மிட்டின் கையில் இருந்த கருவி ஓர் எளிய சோதனை. உடம்புக்குள் ஒரு கிருமி புகுந்தால் அதைப் பிடிக்கிற எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் உண்டாகும். அந்த இரத்தத்தின் தெளிந்த நீரைக் கிருமி கலந்த திரவத்தோடு சேர்த்தால், சீராகப் பரவியிருந்த கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, அடியில் படியும். பால் திரிவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி விளங்கும். திரண்டால், அந்த உடம்பு இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்று பொருள். டைஃபாய்டுக்கு 1896-ல் பயன்பட்ட இந்த முறையை, மறு ஆண்டே ஆல்ம்ரோத் ரைட் மால்டா காய்ச்சலுக்குக் கொண்டுவந்தார். அதுவரை மனித இரத்தத்தில்தான் அதைச் செய்து வந்தார்கள்.

கிருமியை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதும் குழுவின் வேலைகளில் ஒன்று. ஆட்டுக்கும் கொடுத்தார்கள். ஆட்டுக்குக் காய்ச்சல் வரவில்லை, இரை எடுத்தது, பால் கறந்தது. ஆட்டை இந்த நோய் அண்டாது என்றே எண்ணினார்கள். 1905 ஜூன் மாதம் சோதனைக்காக வாங்கிய ஆறு ஆடுகளின் இரத்தத்தை ஸம்மிட் எடுத்துப் பார்த்தார். யாரும் கிருமி செலுத்தாத, சந்தையில் நல்ல ஆடு என்று விலை பேசிய ஆடுகள் அவை. ஆறில் ஐந்தின் இரத்தத்தில் கிருமி திரண்டது.

அந்தக் கணத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவரும் அந்த ஊர்ப் பிள்ளை. அவர் வளர்ந்த தெருவிலும் இந்த ஆடுகள் படியேறி வந்திருக்கும். கண்ணாடிக் குழாயின் அடியில் படிந்த அந்தப் பொடி என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அடுத்து பாலைச் சோதித்தார்கள். குழுவில் இருந்த மேஜர் வில்லியம் ஹாராக்ஸ் ஆட்டுப் பாலிலிருந்தே கிருமியை வளர்த்துக் காட்டினார். நோயுற்ற ஆட்டின் பாலைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது குரங்குகளுக்குக் காய்ச்சல் வந்தது. தீவெங்கும் மந்தை மந்தையாகச் சோதித்ததில், ஆடுகளில் ஏறக்குறைய பாதியின் இரத்தம் திரளல் காட்டியது. பத்தில் ஒன்று பாலிலேயே கிருமியை வெளியேற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பத்தில் ஒன்று எது என்று ஆட்டுக்காரரால் சொல்ல முடியாது. மயிர் பளபளக்கும், மடி நிறைந்திருக்கும், பால் வெள்ளையாக, இனிப்பாக இருக்கும்.

இந்த முடிவு இன்னும் உலகை எட்டாத நேரத்தில், 1905 ஆகஸ்டில், ஜோஷுவா நிக்கல்சன் என்ற கப்பல் மால்டாவிலிருந்து கிளம்பியது. அமெரிக்க வேளாண் துறை தன் நாட்டில் வளர்ப்பதற்காக வாங்கிய 65 மால்டா ஆடுகள் அதில் இருந்தன. நடுக்கடலில் புதுப்பால் கிடைத்தால் யார் விடுவார்கள்? கப்பல்காரர்கள் கறந்து பச்சையாகவே குடித்தார்கள். குடித்தவர்களில் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள். அங்கே மால்டாவின் சாக்கடை இல்லை, புழுதி இல்லை, துறைமுகம் இல்லை. ஆடும் பாலும் மட்டுமே இருந்தன. யாரும் திட்டமிடாமல் நடந்த இந்தச் சோதனை, குழுவின் முடிவை மறுக்க முடியாதபடி உறுதிசெய்தது. அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஆடுகள் நியூஜெர்சியில் தடுத்து வைக்கப்பட்டு, சோதனையில் கிருமி தெரியவந்ததால் கடைசியில் கொல்லப்பட்டன.

1906-ல் படையினருக்கு ஆட்டுப் பால் நிறுத்தப்பட்டது. பதிலுக்கு டப்பாவில் அடைத்த கெட்டிப் பால் வந்தது. 1905-ல் தரைப்படையில் மட்டும் 600-க்கு மேற்பட்டோர் காய்ச்சலில் படுத்தார்கள். இரண்டே ஆண்டில், 1907-ல், அந்த எண் பத்தைச் சுற்றி வந்து நின்றது. காய்ச்சல் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்தது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அந்தக் கணக்கு வழக்கு இன்னும் தீரவில்லை. பால் நின்றதும் பாசறையில் காய்ச்சல் ஏறக்குறைய ஒழிந்தது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 1920-ல் இந்தக் கிருமிக் குடும்பத்துக்கு புரூசெல்லா என்று பெயர் வைத்தார்கள், புரூஸின் நினைவாக. நோய் புரூசெல்லோசிஸ் ஆனது. ஸம்மிட்டின் பெயர் எதிலும் சேரவில்லை.

சரி, வலெட்டாவின் படிக்கட்டுகளில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் ஆடுகள் வந்தன. சிப்பாய்க்கு உத்தரவு போட்டால் போதும். டப்பாப் பால் கப்பலில் வந்து இறங்கும். கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்கு அந்த டப்பாவை வாங்க யார் பணம் கொடுப்பது? நோயுற்ற ஆட்டைக் கொல்ல வேண்டும் என்றால், அதை மட்டுமே நம்பியிருக்கும் ஆட்டுக்காரருக்கு யார் ஈடு கட்டுவது? நன்றாக இரை எடுத்து, நன்றாகப் பால் தரும் ஆட்டை நோயாளி என்று ஓர் அதிகாரி சொன்னால் அவர் ஏன் நம்ப வேண்டும்? பாலைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொன்னார்கள். காய்ச்சினால் ருசி கெட்டுவிடும் என்று எண்ணிய மக்கள், விறகுக்கும் காசு தேட வேண்டிய மக்கள், பழைய வழக்கத்திலேயே இருந்தார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று பழிக்க எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சிய பாலையே தலைமுறைகளாகக் குடித்து வந்த நம் சமையலறை வழக்கம் நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. அது நம் பாட்டிமார் நமக்கு வைத்துவிட்டுப் போன சொத்து. அந்தத் தீவின் பாட்டிமாருக்கு அப்படி ஒரு வழக்கம் வாய்க்கவில்லை.

சோதனையின் கதைக்கு வருகிறேன். ஓர் ஆட்டின் இரத்தத்தைச் சோதிக்கலாம். நூறு ஆட்டைச் சோதிக்கலாம். ஊர் முழுக்கச் சோதிப்பது எப்படி? பாலில் கிருமியைத் தேடுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. விலங்கு நாள் தவறாமல் கிருமியை வெளியேற்றுவதில்லை. இன்று பாலில் இருக்கும், நாளை இருக்காது, வாரம் கழித்து மறுபடி வரும். வளர்த்துப் பார்க்க நாள் கணக்கில் ஆகும். வளர்க்கிறவருக்கே தொற்றும் ஆபத்தும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் மிக எளிதாகத் தொற்றும் கிருமிகளில் இது ஒன்று. ஆகவே கிருமியை விட்டுவிட்டு, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைப் பாலிலேயே தேடும் வழியை யோசித்தார்கள். இரத்தத்தில் உள்ள அந்தப் பொருள் பாலிலும் இறங்கும்.

1937-ல் ஜெர்மனியில் ஃப்ளைஷ்ஹவர் என்பவர் கண்டுபிடித்த வளையச் சோதனை இந்த யோசனையின் அழகான வடிவம். கொன்று சாயமேற்றிய புரூசெல்லா கிருமிகளை ஒரு துளி எடுத்து, சோதனைக் குழாயில் உள்ள கொஞ்சம் பாலில் கலக்கிறார்கள். பால் முழுவதும் இளநீலமாகிறது. 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். பாலின் இயல்புப்படி ஆடை மேலே மிதந்து வருகிறது. பாலில் எதிர்ப்புப் பொருள் இருந்தால், அது சாயக் கிருமிகளைப் பிடித்துக்கொள்ளும். கொழுப்புத் துளிகளோடு ஒட்டிக்கொண்டு மேலே இழுத்துப் போகும். அப்போது பால் வெளுத்து, குழாயின் தலைப்பில் நீல வளையம் நிற்கும். நோய் இல்லாத பாலில் ஆடை வெள்ளையாக நிற்கும். நீலம் கீழேயே தங்கிவிடும். ஒரு பண்ணையின் பத்து, இருபது பசுக்களின் பாலைக் கலந்து வைத்த கேனிலிருந்து ஒரு குழாய் எடுத்தாலே போதும். வளையம் விழுந்த பண்ணைக்கு மட்டும் போய் ஒவ்வொரு பசுவின் இரத்தத்தையும் பார்க்கலாம். பல நாடுகள் பசு மந்தைகளிலிருந்து இந்த நோயை விரட்டியதில் இந்த நீல வளையத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. சீம்பாலிலும், மடிநோய் கண்ட மாட்டின் பாலிலும், கறவை வற்றும் நேரத்துப் பாலிலும் நோய் இல்லாமலே வளையம் தோன்றலாம். பாலைச் சூடாக்கியிருந்தாலோ உறைய வைத்திருந்தாலோ முடிவை நம்ப முடியாது. எல்லாவற்றிலும் பெரிய குறை வேறு. வெள்ளாட்டுப் பாலில் ஆடை பசும்பாலைப்போல் ஒன்றுகூடி மேலே வருவதில்லை. வளையம் சரியாக விழாது. மால்டாவின் ஆடுகளைப் பார்த்துத் தொடங்கிய தேடலில் கிடைத்த மிக எளிய பால் சோதனை, மால்டாவின் ஆடுகளுக்கே உதவாமல் போயிற்று. ஆட்டுக்கு இன்றும் இரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

1938-ல்தான் மால்டா அரசு பாலைச் சூடேற்றிக் கிருமி நீக்கும் நிலையத்தைத் திறந்தது. தலைநகரில் தொடங்கி, வாசலில் கறந்து விற்கும் வழக்கம் முடிவுக்கு வந்தது. அதைப் பார்க்க ஸம்மிட் இல்லை, 1935-ல் காலமாகிவிட்டார். 1905-லிருந்து 1938 வரை 33 ஆண்டுகள். சிப்பாய்க்குக் காய்ச்சலை நிறுத்த ஓர் ஆண்டு போதுமானதாக இருந்தது. அதே தீவில், அதே ஆட்டின் பாலைக் குடித்த மண்ணின் மக்களுக்கு 33 ஆண்டுகள் பிடித்தன. இந்தத் தாமதத்துக்குப் பொறுப்பு அந்த ஆட்சியுடையது என்பதே என் முடிவு. அதற்குப் பிறகும் நோய் முழுதாக ஓய்ந்துவிடவில்லை. 1995-ல் ஜிபெய்னா என்னும் அந்த ஊர்ச் சிறு பாலாடைக்கட்டி வழியாக நூற்றுக்கு மேற்பட்டோருக்குப் பரவியது. காய்ச்சாத பாலில் செய்த கட்டி.

இதே கிருமியின் நெருங்கிய உறவு ஒன்று பசு மாடுகளில் இருக்கிறது. டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் என்ற கால்நடை மருத்துவர் 1897-லேயே அதைக் கண்டார். மாடு சினையின் பிற்பகுதியில் கன்று வீசிவிடுவதற்கு அது ஒரு காரணம். நம் ஊரில் கருச்சிதைவு நோய், கன்று வீச்சு நோய் என்று சொல்வது இதைத்தான். நம் நாட்டில் 2019-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாத வயதுக் கிடேரிக் கன்றுகளுக்கு இதற்கான தடுப்பூசியைப் போடுகிறார்கள். வாழ்நாளில் ஒரு முறை போட்டால் போதும். மாடு வளர்க்கும் வாசகர்கள் அந்த வயதைத் தவறவிட வேண்டாம். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட வேண்டாம். கையுறை போட்டு எடுத்து ஆழப் புதையுங்கள். கால்நடை மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆட்டுப் பால் பச்சையாகக் குடித்தால் மருந்து என்று யாராவது சொன்னால், அந்தக் கப்பலின் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

மால்டா ஆட்டின் கிருமியும் டென்மார்க் மாட்டின் கிருமியும் ஒரே குடும்பம் என்று 1918-ல் அச்சில் எழுதியவர் ஆலிஸ் எவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண். பெரிய பெரிய விஞ்ஞானிகள் அவரை நம்ப மறுத்தார்கள். 1922-ல் அதே கிருமி அவரையே தொற்றியது. அவரைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)